ஞானசுந்தரி அம்மாள் எடுத்த பாடம்

கலாசாலை திறந்த முதல் வாரத்தில் உங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். எந்தப் பாடத்தை எடுக்கட்டும், சார்? நீங்களும் கையேட்டைப் புரட்டி, இதை எடுத்தால் அதையும் எடுக்க வேண்டும், இதோடு அது சேராது என்று சொல்லி அனுப்பிவிடலாம். அதற்கு ஆபீஸ் குமாஸ்தாவே போதும். ஆனால் நம் யோசனையைக் கேட்டுக்கொண்டு போகிறவர், அதோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்த வேண்டும். பொருளாதாரப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை நான் உபதேசமாகச் சொன்னால் பிடிக்காது. நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பொருளாதாரம் இன்னும் தனி வீடு பார்த்துப் போகவில்லை. சரித்திரத்தோடு ஒண்டுக்குடித்தனமாக இருந்தது. எம்.ஏ.யில் இரண்டும் சேர்ந்து ஒரே பிரிவு. பாளையங்கோட்டையில் எங்கள் கலாசாலையில் பி.ஏ. வரைக்கும்தான் வகுப்பு உண்டு. ஆனால் பள்ளிக்கூட ஆசிரியர்களும் பெண்களும் கலாசாலையில் சேராமலே, சொந்தமாகப் படித்துச் சென்னைக்குப் போய் எம்.ஏ. பரீட்சை எழுதலாம் என்று சர்வகலாசாலை ஒரு சலுகை வைத்திருந்தது. அந்தச் சலுகையை நம்பி இரண்டு பேர் என்னிடம் வந்து சேர்ந்தார்கள்.

ஒருவர் சங்கரலிங்கம் பிள்ளை. ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். என்னைவிடச் சற்று இளையவர். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். சனிக்கிழமை ரயிலில் வந்து, மத்தியானம் முழுவதும் எங்கள் புத்தகசாலையில் இருந்து படித்துவிட்டு, சாயந்தர ரயிலில் திரும்பிவிடுவார். ஒரு பக்கத்தை ஒரு தடவை பார்த்தால் அவருக்கு அப்படியே மனத்தில் நின்றுவிடும்.

இன்னொருவர் ஞானசுந்தரி அம்மாள். பாளையங்கோட்டை மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை. அவருடைய தகப்பனார் ராதாபுரத்துப் பக்கம் பனங்காட்டுக் கிராமம் ஒன்றில் கிறிஸ்தவ சபை உபதேசியாராக இருந்தார். ஞானசுந்தரி அம்மாள் சென்னையில் விடுதியில் தங்கி பி.ஏ. படித்துவிட்டு வந்தவர். அந்த நாளில் ஒரு பெண் ஆண்கள் கலாசாலைப் புத்தகசாலைக்குத் தனியாக வர முடியாது. அதனால் பள்ளிக்கூட விடுதியைக் கவனித்துக்கொண்டிருந்த எஸ்தர் அம்மாள் என்ற விதவை கூடவே வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து லேஸ் பின்னிக்கொண்டிருப்பார். பேச்சு நீண்டுவிட்டால் தொண்டையைக் கனைப்பார். சங்கரலிங்கம் உடனே குரலைத் தாழ்த்திவிடுவார்.

ஞானசுந்தரி அம்மாளுக்கு இந்தப் பரீட்சையில் ஒரு முக்கியமான காரியம் அடங்கியிருந்தது. அவர்கள் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குக் கலாசாலை வகுப்புகள் தொடங்கப்போவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த வகுப்புகளை நடத்த எம்.ஏ. பெற்றவர் ஒருவர் வேண்டும். உள்ளூரில் அப்படி யாரும் இல்லாவிட்டால் சீமையிலிருந்து ஒரு துரைசானியை வரவழைப்பது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது.

அவர்கள் இருவரும் சிறப்புப் பாடங்களாகச் சரித்திரத்தில் ஒன்றும் பொருளாதாரத்தில் ஒன்றும் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை எல்லோரும் அப்படித்தான் எடுத்து வந்தார்கள். அந்த நிலைமையில் சர்வகலாசாலையிலிருந்து புது விதிகள் வந்தன. எம்.ஏ. திட்டத்தையே மாற்றப்போகிறார்கள், இனிமேல் எம்.ஏ. வேண்டுமானால் சென்னையில் தங்கி, வகுப்பில் சேர்ந்துதான் படிக்க வேண்டும். சொந்தமாகப் படிப்பவர்களுக்கு வருகிற பரீட்சைதான் கடைசி. அதோடு இன்னொன்றும் போட்டிருந்தது. சிறப்புப் பாடங்கள் இரண்டும் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். இரண்டும் சரித்திரம், அல்லது இரண்டும் பொருளாதாரம்.

அன்றைக்குச் சனிக்கிழமை. விதிகளை நான் வாசித்து முடித்ததும் சங்கரலிங்கம் அலமாரியை ஒரு தடவை பார்த்தார். பிறகு, தனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை, சரித்திரம்தான் என்று சொல்லிவிட்டார். அதற்கு வேண்டிய புத்தகங்கள் எங்கள் அலமாரியிலேயே இருந்தன. பழைய கேள்வித்தாள்களும் இருந்தன. அவருடைய ஞாபகசக்திக்கு அது மிகவும் ஏற்ற பாடம்.

ஞானசுந்தரி அம்மாள் ஒரு வாரம் தவணை கேட்டார்.

அந்த வாரத்தில் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் இங்கிலாந்துக்காரர், நெடுங்காலம் இந்தப் பக்கத்தில் இருந்தவர், நல்ல மனிதர். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. அந்தப் பெண்ணைச் சரித்திரம் எடுக்கச் சொல்லுங்கள் என்றார். பொருளாதாரத்துக்குப் புத்தகம் இல்லை, சொல்லிக்கொடுக்க நீங்கள் ஒருவர்தான், இருப்பதோ கடைசிச் சந்தர்ப்பம்; அவர் தோற்றால் நஷ்டம் அவருக்கு மட்டுமில்லை, பள்ளிக்கூடத்துக்கும்தான் என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மேலதிகாரி சொன்னதை அப்படியே என் யோசனையாகச் சொல்லிவிட்டால் என் வேலை தீர்ந்தது.

ஆனால் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஞானசுந்தரி அம்மாள் சரித்திரத்தையும் பொருளாதாரத்தையும் ஒரே மாதிரி படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எப்படி வித்தியாசம் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. அதனால் அடுத்த சனிக்கிழமை அவர் முன்னால் இரண்டு கேள்விகளை வைத்தேன். சரித்திரத்தில் ஒன்று, பொருளாதாரத்தில் ஒன்று. புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொன்னேன்.

சரித்திரத்துக்கு எழுதிய விடையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. யார் படித்தாலும் மார்க் போடுவார்கள். பொருளாதார விடை பாதியில் நின்றிருந்தது. நடுவில் ஒரு பத்தியை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தார். ஆனால் அந்தப் பத்தி புத்தகத்தில் இல்லாதது. அவருடைய கிராமத்தில் பதநீர்க் காலம் பிறந்ததும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றுவிடுகிறார்களே, அந்தக் குடும்பங்களுக்கு ஒரு பிள்ளையின் கூலி எவ்வளவு அவசியம் என்பதை வைத்துக் கேள்வியைப் புரிந்துகொள்ளப் பார்த்திருந்தார். புரிந்துகொண்டு முடிப்பதற்குள் நேரம் ஆகிவிட்டது.

நான் சொன்னேன்: "நீங்கள் சரித்திரம் எடுக்க வேண்டும் என்பது பிரின்சிபாலுடைய அபிப்பிராயம். அவர் சொல்லும் காரணங்கள் சரியானவை. என் அபிப்பிராயம் வேறு. சரித்திரம் எடுத்தால் நீங்கள் தேறுவீர்கள், அது எனக்குத் தெரியும். பொருளாதாரம் எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதில்தான் நீங்கள் எதையோ தேடுகிறீர்கள்."

எஸ்தர் அம்மாள் பின்னுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேறினால் மட்டும் போதும்னா நான் பி.ஏ.யோட நின்னிருப்பேன், சார்" என்றார் ஞானசுந்தரி அம்மாள். "பொருளாதாரமே எடுக்குதேன்."

ஒருவருக்கு யோசனை சொல்லும்போது அது யாருடைய யோசனை என்பதையும், நமக்கு எது தெரியும், எது தெரியாது என்பதையும் மறைக்காதீர்கள். அன்றைக்கு நான் பிரின்சிபால் பேச்சை என் பேச்சாகச் சொல்லியிருந்தால், அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டு போயிருப்பார். அவர் வளர்ந்த முறை அப்படி.

முடிவெடுத்தாயிற்று, புத்தகத்துக்கு எங்கே போவது? மதிப்பு, நிலக்காரருக்குப் போகும் வாரம், நாணயம் என்று எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லும் பெரிய நூல் ஒன்று கட்டாயம் வேண்டும். எங்கள் கலாசாலையில் அது இல்லை. சீமைக்கு எழுதி வரவழைக்க நாள் போதாது. இதை நான் வாய்விட்டுச் சொன்னபோது சங்கரலிங்கம், "எங்க அத்தான் வீட்டுல இருக்கு, அண்ணாச்சி. ஆனா வெளியே குடுக்க மாட்டாரு" என்றார்.

அத்தான் என்று அவர் சொன்னது திருநெல்வேலி டவுனில் பெயர்பெற்ற ஒரு வக்கீல். சங்கரலிங்கத்தின் அக்காள் கோமதியம்மாளைக் கட்டியவர். சைவ ஆசாரம் குறையாத வீடு. புத்தகங்களைக் கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்திருப்பார். தன் ஜூனியர்களுக்குக்கூட இரவல் கொடுத்ததில்லை. சங்கரலிங்கம் போய்ப் பேசினார். என்ன பேசினாரோ, வீட்டிலேயே வந்து உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம் என்று வக்கீல் சம்மதித்தார். கோமதியம்மாள் கூட இருக்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை.

அந்த வீட்டில் நடந்ததெல்லாம் எஸ்தர் அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாரத்தில் சில நாள் பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் மாட்டுவண்டியில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போவார்கள். முதல் நாள் பட்டாசாலைக் கூடத்தில் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு, புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கோமதியம்மாள் எட்ட உட்கார்ந்துகொண்டாராம். ஞானசுந்தரி அம்மாள் படிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் பொறுக்க முடியாமல், "என்னத்தை அம்புட்டு நேரமாப் படிக்கிய?" என்று கேட்டார்.

ஞானசுந்தரி அம்மாள் மரியாதைக்காக அந்தப் பக்கத்தில் இருப்பதைத் தமிழில் சொன்னார். கோமதியம்மாளுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று ஒளிவில்லாமல் சொன்னார். இவர் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அடுத்த நாள் வண்டியிலிருந்து இறங்கும்போதே கோமதியம்மாள் வாசலில் நின்று, நேற்று விட்ட இடத்திலிருந்து சொல்லச் சொன்னார். அது வழக்கமாகிவிட்டது. படித்ததையெல்லாம் தமிழில் சொல்ல வேண்டும். அவருக்கு விளங்கினால்தான் அடுத்த பக்கம். முதலில் இது நேரத்தைத் தின்கிறது என்று ஞானசுந்தரி அம்மாளுக்கு விசாரமாக இருந்தது. போகப் போக, கோமதியம்மாளுக்கு விளங்காத இடம் தனக்கும் விளங்காத இடம்தான் என்று கண்டுகொண்டதாக என்னிடமே சொன்னார். நாற்காலி பட்டாசாலை ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. பிறகு காப்பி வந்தது. "படிக்கிய" என்ற மரியாதை போய், வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல "ஏளா, ஞானம்" என்று ஆயிற்று. அந்தப் பேச்சைக் கேட்டபோது எஸ்தர் அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

படிப்பு நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தடை வந்தது. பரீட்சைக்கு அனுப்பிய விண்ணப்பத்தைச் சர்வகலாசாலை திருப்பி அனுப்பிவிட்டது. பொருளாதாரச் சிறப்புப் பாடங்களில் இவருக்குப் போதிய பயிற்சி உண்டு என்று ஒரு கலாசாலைத் தலைவர் சான்று தர வேண்டுமாம். தவணை தாண்டாமல் போய்ச் சேர வேண்டுமானால் அன்றைய தபாலிலேயே அனுப்பியாக வேண்டும்.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பிரின்சிபாலிடம் போனேன். அவர் படித்துவிட்டுப் பேனாவைத் தொடவில்லை. "நான் அவருக்குப் பாடம் சொல்லவில்லை. அவருக்கு என்ன தெரியும் என்றும் எனக்குத் தெரியாது. தெரியாததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்று கேட்டார். சரித்திரம் என்று மாற்றிக்கொண்டால் சான்றே தேவையில்லை, இப்போதும் மாற்றலாம் என்றார்.

என் நாக்கின் நுனி வரைக்கும் கோபம் வந்தது. அந்த அம்மாள் பட்ட பாட்டையெல்லாம் அவர் முன்னால் கொட்டியிருப்பேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் எவ்வளவு உருக்கமாக வாதாடினாலும் அது என் வார்த்தைதான். அவருக்கு வேண்டியது ஞானசுந்தரி அம்மாளைப் பற்றிய நிச்சயம். அதனால், தெரியாதென்றால் அவரையே கேட்டுப் பாருங்கள், இப்போதே வரச் சொல்லுகிறேன் என்றேன். பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். சங்கடமான நேரத்தில் மேலதிகாரியோடு மோதுவதற்கு முன்னால், அவர் மறுக்கிறாரா அல்லது தெரிந்துகொள்ளக் கேட்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு வரும் மறுப்புகளில் பல கேள்விகள்தான்.

ஞானசுந்தரி அம்மாள் பள்ளிக்கூடத்திலிருந்து, சாக்கட்டி படிந்த கையோடு வந்தார். என்னை வெளியே போகச் சொல்லுவார் என்று நினைத்தேன். பிரின்சிபால் என்னையும் உட்காரச் சொன்னார். நாணயத்தைப் பற்றியும் வரியைப் பற்றியும் சில கேள்விகள் கேட்டார். பதில்கள் சுமாராக இருந்தன, ஓரிடத்தில் தடுமாறினார். பிரின்சிபாலுடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவர், உங்கள் ஊரில் கருப்பட்டி விலை ஏறினால் யாருக்கு லாபம் என்று கேட்டார். பேச்சு இங்கிலீஷில் நடந்தது. நான் தமிழில் சொல்லுகிறேன்.

"மரத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு, ஐயா."

"மரம் ஏறுகிறவனுக்கு இல்லையா?"

"விலை ஏறின வருஷம் அவன் கையிலும் கொஞ்சம் மிஞ்சும். அடுத்த வருஷம் மரத்தின் குத்தகையை ஏற்றிவிடுவார்கள்."

"இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?"

"புத்தகத்தில் கோதுமை நிலத்தை வைத்துச் சொல்லியிருக்கிறது. அதைப் பனைமரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஓரிடத்தில் பொருந்தவில்லை."

பிரின்சிபால் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். எந்த இடத்தில் என்றார்.

"கோதுமை பயிரிடுகிறவன் குத்தகை கட்டுப்படியாகாவிட்டால் நிலத்தை விட்டுவிட்டுப் போகலாம் என்று புத்தகம் வைத்துக்கொள்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் பருவத்துக்கு முன்னாலேயே முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். பிறகு அந்த மரத்தை விட்டு நகர முடியாது. அவர்களுக்கு அந்தக் கணக்கை வேறு மாதிரி போட வேண்டும். எப்படிப் போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை."

அதற்குப் பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை. சான்றை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நீட்டும்போது, நானாக இருந்தால் இப்போதும் சரித்திரம்தான் எடுப்பேன் என்றார். ஞானசுந்தரி அம்மாள் சிரித்துவிட்டார். தபால் மூட்டை கட்டுவதற்குள் நானே ஓடிப்போய்ச் சேர்த்தேன்.

பரீட்சைக்கு மூன்று பேரும் ஒரே ரயிலில் சென்னைக்குப் போனார்கள். எஸ்தர் அம்மாளையும் சேர்த்துச் சொல்லுகிறேன். கோமதியம்மாள் எலுமிச்சஞ்சாதம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

இரண்டு பேரும் தேறினார்கள். சங்கரலிங்கம் இரண்டாம் வகுப்பு. ஞானசுந்தரி அம்மாள் மூன்றாம் வகுப்பு. இந்த இடத்தில் உங்களில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். சரித்திரம் எடுத்திருந்தால் ஒரு வகுப்பு மேலே வந்திருப்பீர்கள் என்று அவரிடமே நான் சொன்னேன். இருக்கும், சார் என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. சங்கரலிங்கமும் தப்பாக எடுத்துவிட்டதாக என்றும் நினைத்ததில்லை. ஆழ்வார்குறிச்சியில் அவரிடம் சரித்திரம் படித்தவர்கள் இன்றைக்கும் அந்தப் பாடத்தைக் கதைபோல ஒப்பிப்பார்கள். பொருளாதாரம் உசத்தி, சரித்திரம் மட்டம் என்று சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. இரண்டு பேரும் தங்களுக்குப் பொருந்தியதை எடுத்தார்கள். அவ்வளவுதான்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் கலாசாலை வகுப்புகள் தொடங்கின. பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே சீமையிலிருந்து ஒரு துரைசானியை அழைத்திருந்ததால் அவரே முதலில் தலைமையில் இருந்தார். பொருளாதார வகுப்பு ஞானசுந்தரி அம்மாளிடம் வந்தது. துரைசானி ஊர் திரும்பியதும் தலைமையும் அவரிடமே வந்தது. மேலப்பாளையத்துத் தறிக்காரக் குடும்பங்களைப் பற்றியும் பனங்காட்டைப் பற்றியும் தன் மாணவிகளை விசாரித்து எழுதச் சொன்னவர் அவர்தான்.

இவையெல்லாம் பின்னால் நடந்தவை. எனக்கு மிகவும் பிடித்தது, பரீட்சை முடிவு வந்த கொஞ்ச நாளில் நடந்தது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, பி.ஏ. வகுப்புக்கு நிலவாரத்தைப் பற்றிய பாடம் எப்போது வருகிறது என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன். அந்த ஒரு பாடத்தை ஞானசுந்தரி அம்மாள் நடத்தட்டும், என் அறையில் நான் கேட்டதைப் பையன்களும் கேட்க வேண்டும் என்றார். உங்களுக்கு வருத்தமில்லையே என்று என்னையும் விசாரித்துக்கொண்டார்.

எங்கள் கலாசாலையில் அதற்கு முன்னால் ஒரு பெண் மேடையேறிப் பாடம் சொன்னதில்லை. மாணவர்கள் எழுந்து நிற்பதா, வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அரைகுறையாக எழுந்து உட்கார்ந்தார்கள். நான் பின் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் இங்கிலீஷில் தொடங்கினார். ஒரே மாதிரி உழைப்புப் போட்டாலும் நல்ல நிலம் கூடுதலாக விளைகிறது, அந்தக் கூடுதல்தான் வாரமாக நிலக்காரருக்குப் போகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். அம்பாசமுத்திரத்துப் பக்கம் பெரிய நிலக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்தான். எங்கள் வயலில் அதிகம் விளைவது எங்கள் உழைப்பால்தான் என்றான். குரலில் கொஞ்சம் வீம்பு இருந்தது.

ஞானசுந்தரி அம்மாள் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"உங்க வயல்ல எத்தனை போகம்?"

"ஆத்துத் தண்ணி பாயுது. காரு, பிசானம் ரெண்டு போகமும் உண்டு."

"எங்க ஊர்ல ஒரு மழைக்காகக் காத்துக் கிடப்பாங்க. அதுவும் சில வருஷம் பொய்ச்சிரும். அவங்களும் விடியுததுக்கு முன்னால எந்திரிச்சுத்தான் வேலைக்குப் போவாங்க. உங்க ஆளுகளைவிடக் குறைச்சலாவா பாடுபடுதாங்க?"

பையன் யோசித்தான். உட்காரவில்லை. வீம்பு போய், உண்மையாகவே கணக்குப் போடுகிற முகமாக ஆயிற்று. வகுப்பு முழுவதும் அவனையே பார்த்தது.

"அப்படின்னா, எங்களுக்குக் கூடுதலா வாரது ஆறு சம்பாதிச்சது" என்றான்.

"அதுக்குத்தான் புத்தகத்துல வாரம்னு பேர் வச்சிருக்காங்க" என்றார் ஞானசுந்தரி அம்மாள். "உட்காருங்க. இப்ப இங்கிலீஷ்ல சொல்லுதேன், எழுதிக்கோங்க."

பேனாக்கள் ஓடத் தொடங்கின. பின் வரிசையில் இருந்த நானும் எழுதிக்கொண்டேன்.